வுட்பரிடைப்

19ஆம் நூற்றாண்டில் ஒளிப்படங்களை நூல்களுக்காகப் பெருக்கிய ஓர் அச்சுமுறை. அதில் அச்சான படத்துக்கும் இதே பெயர். 1864இல் காப்புரிமை பெற்ற ஆங்கிலேயர் வால்டர் வுட்பரியின் பெயரோடு, பதிவு எனப் பொருள்படும் ‘டைபோஸ்’ என்ற கிரேக்கச் சொல் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ‘ஃபோட்டோகிளிப்டி’ என்றார்கள்: ஒளியால் செதுக்குவது. இந்தப் பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நெகட்டிவ் வழியே ஒளி பட்ட அளவுக்கு, ஒளியுணர்வூட்டிய ஜெலட்டின் இறுகும். இறுகாததைக் கழுவினால் மேடுபள்ளம் மிஞ்சும். அதை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து ஈயத்தகட்டில் பதித்து அச்சு எடுப்பார்கள். அச்சு வெல்லத்துக்குப் பாகு வார்ப்பதுபோல, நிறம் கலந்த ஜெலட்டினை அதில் ஊற்றித் தாளை அழுத்துவார்கள். பள்ளம் ஆழ்ந்த இடத்தில் மை தடித்து இருளாகும். மேலோட்டமான இடம் வெளிச்சம். புள்ளியோ கோடோ கிடையாது. பாரிஸில் 1876 முதல் வெளிவந்த ‘கலரி கோந்தாம்பொரேன்’ தொகுப்பில், எத்தியென் கார்ழா எடுத்த கவிஞர் போதலேரின் முகம் அத்தனை உயிர்ப்போடு நிற்பது இதனால்தான். எழுத்தோடு சேர்த்து அச்சிட வழியில்லாததால், ஒவ்வொரு படத்தையும் ஓரம் வெட்டிக் கையால் ஒட்டினார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் எழுத்தோடு சேர்த்தே அச்சாகும் மலிவான ஹாஃப்டோன் பிளாக்குகள் இதை ஓரங்கட்டிவிட்டன.