கொள்ளையும் பீடையும்

ஒரே எழுத்துக்களால் ஆன சொல், எல்லை கடந்தவுடன் வேறு பொருள் கொள்வதுண்டு. அத்தகைய சொற்களுள் ஒன்று 'பெஸ்ட்' என்பது. ஆங்கிலேயன் இச்சொல்லாற் குறிப்பது பயிரைத் தின்னும் புழுவை, அரிசியைக் களவாடும் எலியை, ஓயாது நச்சரிக்கும் மனிதனை. ஜேர்மானியனுக்கோ அச்சொல், ஊரையே சுடுகாடாக்கிய பிளேக்கு நோயின் பெயராகும். மறுபுறத்தில், ஆங்கிலத்திற் கொடிய நோயைக் குறிக்கும் 'பிளேக்' என்பதன் உறவுச் சொல்லாகிய 'பிளாகெ', ஜேர்மன் மொழியில் வெறுந் தொல்லை என்ற அளவிலே நின்றுவிட்டது. சொல்லுக்குச் சொல் ஒலியொப்புமை நோக்கி மொழிபெயர்ப்பவன் எலித் தொல்லையைப் பெருநோயாக்குவான். பெருநோயை எலித் தொல்லையாக்குவான்.

இச்சொற்கள் இலத்தீனிலிருந்து வந்தவை. 'பெஸ்டிஸ்' என்பது கொள்ளைநோயையும் அழிவையும் குறித்தது. 'பிளாகா' என்பது அடி, காயம் எனப் பொருள்பட்டது. ஆங்கிலத்திலும் முற்காலத்தில் 'பெஸ்ட்' என்பது நோயின் பெயராகவே வழங்கியது. நோயின் அச்சம் குறையக் குறையச் சொல்லின் கடுமையும் தேய்ந்தது.

தமிழில் இந்நிலை யாது? 'கொள்ளை' என்பது 'கொள்' என்னும் வினையடியாகப் பிறந்தது. வீட்டிற் புகுந்து பொருளைக் கவர்வதும் கொள்ளை. உயிர்களை வாரிச் செல்லும் நோயும் கொள்ளை. 'கொள்ளையிலே போவான்' என்று கிழவியர் வைதபொழுது அவர்கள் எண்ணியது கள்வரையன்று, நோயையே. ஆயினும் இச்சொல் பேதிக்கும் பிளேக்குக்கும் பொதுவாக நின்றமையால், குறித்த நோயைச் சுட்ட மக்கள் ஆங்கிலப் பெயரையே கடன் வாங்கினர். கோயம்புத்தூரிலே அந்நோயினின்று காக்க வேண்டி வணங்கப்பட்ட அம்மன், பிளேக் மாரியம்மன் என்றே பெயர் பெற்றாள்.

'பீடை' என்பது வடமொழி வழி வந்த சொல். துன்பம் என்பது அதன் பொருள். கிரக பீடை என்பர் சோதிடர். இலங்கையின் விவசாய நூலோர் இச்சொல்லை எடுத்துப் பயிருக்குத் தீங்கு செய்யும் உயிர்களுக்கு இட்டனர். தமிழ்நாட்டார் 'பூச்சிக்கொல்லி' என்று பெரும்பாலும் வழங்குவதை இலங்கையார் 'பீடைகொல்லி' என்றும் 'பீடைநாசினி' என்றும் வழங்குகின்றனர். எலியும் களையும் பூச்சிகள் அல்லவாதலின், இவ்வழக்குப் பொருத்தமுடையதே. சிங்களவர் இதே பொருளில் ஆளும் 'பலிபோத' என்னுஞ் சொல், பாளியில் தடையைக் குறிப்பது. வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கும் ஒருவர் பீடைகொல்லி என்ற சொல்லைக் கேட்டால் மரக்கறியை நன்றாகக் கழுவுவார். கொள்ளைநோய் என்று கேட்டாலோ கதவை அடைப்பார். இவ்வேறுபாட்டைக் காப்பதே மொழிபெயர்ப்பாளன் கடமை.

நோய் ஒன்று, தொல்லை ஒன்று என்று பிரித்தறிவது அறிவியலுக்கும் உயிர்நாடியாக இருந்தது. 1894ஆம் ஆண்டில் ஹொங்கொங்கிலே யேர்சன் பிளேக்குக் கிருமியைக் கண்டார். 1898இல் கராச்சியில் சிமோண்ட், எலியின் உடலில் வாழும் தெள்ளே அதனைப் பரப்புகிறது என்று காட்டினார். 1914ஆம் ஆண்டில் அந்நோய் கொழும்பை வந்தடைந்தது. துறைமுகமும், தானியக் கிட்டங்கிகள் நிறைந்த புறக்கோட்டையும், அவற்றையடுத்த கொட்டாஞ்சேனையும் எலிக்குக் குறைவில்லாத இடங்கள். கொழும்பு மாநகரசபையின் நுண்ணுயிரியலாளராகப் பணியாற்றிய ஹேர்ஸ்ட், இந்நகரின் எலித் தெள்ளுகள் ஒரே இனத்தவை அல்ல என்பதை ஆராய்ந்தார். அவற்றுள் ஓரினம் பிளேக்கை எளிதிற் பரப்புவது. மற்றோரினம் அவ்வளவு வலிமையற்றது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றிய இரண்டினுள் ஒன்று கொள்ளை, மற்றது பெரும்பாலும் பீடை! அவருடைய பிளேக்கு வரலாற்று நூல் 1953இல் வெளிவந்தது.

ஆனால் இச்சொற்கள் எலியோடும் தெள்ளோடும் நின்றுவிடவில்லை. தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களை நோக்கி வந்த தொழிலாளர் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, நோயில்லை என்று கண்ட பின்னரே இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். நோயைத் தடுக்க அது வேண்டியதாயிருக்கலாம். எனினும் நோய்க்கு அஞ்சும் மனம், நோயைச் சுமந்து வரக்கூடியவனையே நோயென்று எண்ணத் தொடங்குதல் எளிது.

இதன் கொடிய முடிவை ஜேர்மனி கண்டது. அங்கே பயிர்ப்பீடைக்கு வழங்கிய சொல் 'ஷேட்லிங்' என்பதாகும். 1939ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி நாஜி அரசு பிறப்பித்த ஆணையொன்று, 'மக்கட் பீடைகள்' என்ற பொருள்தரும் தொடரையே சட்டப் பெயராக்கியது. போர்க்கால இருட்டைப் பயன்படுத்திக் குற்றஞ் செய்தோர்க்கு மரணதண்டனை வரை விதிக்க அது இடமளித்தது. யூத மக்களையும் அவ்வரசின் பிரசாரம் எலிகளோடும் கிருமிகளோடும் ஒப்பிட்டது. பீடையை ஒழிப்பது நன்று என்பது உழவன் அறிந்த உண்மை. மனிதனைப் பீடை என்று பெயரிட்டபின், அவனை ஒழிப்பதும் நன்றாகவே தோன்றிற்று.

2020ஆம் ஆண்டு அக்டோபரில் கொட்டாஞ்சேனையிலே தனிமைப்படுத்தல் ஊரடங்கு விதிக்கப்பட்டது. அந்நடவடிக்கைகளுக்கு அடிப்படையாயிருந்தது 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடைச் சட்டம். பூட்டிய வீட்டிலிருந்தவர் நோயாளி. அவரே நோய் அல்லர். மொழிபெயர்ப்பாளன் பேணவேண்டிய எல்லை இதுவே: நோய்க்கு ஒரு சொல், தொல்லைக்கு ஒரு சொல், மனிதனுக்கு என்றும் மனிதன் என்ற சொல்.