எக்ஸ்ரே கவரும் ஜி.என்.ஆரும்

நான் வளர்ந்தது கோலார் தங்கவயலில். அப்பா ஆஸ்பத்திரி குமாஸ்தா. எக்ஸ்ரே கவர்களில் பெயர் எழுதுவார். பாறைத் தூசியைச் சுவாசித்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸ் வரும். படத்திலோ விலா எலும்பும் இருதயமும் நுரையீரலும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். எது முன்னே, எது பின்னே என்று தெரியாது.

இந்தக் குறையைத் தீர்த்த கணிதத்தில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு. எங்கள் ஊரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன்தான் அவர். 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், சர் சி.வி. ராமனின் சிஷ்யர். புரத ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்றவர்.

1971-ல் ஏ.வி. லட்சுமிநாராயணனுடன் ஒரு கட்டுரை எழுதினார். பல கோணங்களில் எடுத்த நிழல்களை அப்படியே சேர்த்தால் உருவம் மங்கும். ஒவ்வொன்றையும் முதலில் கணக்கால் வடிகட்டிவிட்டுச் சேர்த்தால் உள்ளுறுப்பின் குறுக்குவெட்டு தெளிவாகும் என்று காட்டினார்கள். நீண்ட ஃபூரியர் கணக்கும் தேவைப்படவில்லை. அதே வருஷம் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியைப் படம் எடுத்தது. 1979-ல் நோபல் பரிசு அவருக்கும் கார்மாக்குக்கும் போயிற்று. ஜி.என்.ஆருக்குக் கிடைக்கவில்லை, ஆனால் 'ராம்-லாக்' வடிகட்டி என்ற பெயர் பாடப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது.

2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடியது. ஏப்ரல் 7-ல் ஜி.என்.ஆர். மறைந்தார். சமீபத்தில் எனக்கு நெஞ்சு சி.டி. எடுத்தார்கள். திரையில் நுரையீரல் ஏடு ஏடாகப் பிரிந்து தெரிந்தது. அப்பா பெயர் எழுதிய அந்தக் கவர்கள்தான் ஞாபகம் வந்தன. உங்கள் பேரன் பேத்திகளுக்கு ஜி.என்.ஆர். பெயரைச் சொல்லி வையுங்கள்.