காவிரியும் ஒரு தூண்டில் ரீலும்

தஞ்சை வட்டாரத்து வாய்க்கால்களிலும் குளங்களிலும் விரால் பிடிக்கப் பழைய முறை ஒன்று உண்டு. மூங்கில் கழி, நரம்பு, கொக்கியில் கோத்த உயிர்த் தவளை. தாமரை இலைகளுக்கும் கோரைக்கும் இடையே தவளையைத் தத்தவிட்டு இழுத்து வருவார்கள். இன்று அதே விராலுக்காக ரப்பர் தவளையை பெய்ட்காஸ்டிங் ரீலிலிருந்து வீசும் இளைஞர்களையும் தமிழகத்தின் நீர்க்கரைகளில் பார்க்கிறோம். அந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் போனால் அது நம்மைக் காவிரியின் மேல்பகுதிக்கு இட்டுச் செல்கிறது.

முதலில் கருவி. இதில் நரம்பு சுற்றிய உருளை கழிக்குக் குறுக்காக அமைந்திருக்கும். இரையை வீசும்போது உருளையும் சேர்ந்து சுழலும். இரையின் வேகம் குறைந்தபின்னும் உருளை சுழன்றால் நரம்பு சிக்கிவிடும். ஆகவே கட்டைவிரல்தான் தடை. கனமான செயற்கை இரைக்கு இது பொருந்துவதும் அதனால்தான்: எடை இருந்தால் உருளை தயங்காமல் சுழலும். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு உருளை பல சுற்றுகள் சுற்றும் பற்சக்கர அமைப்புள்ள ரீலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கியில் செய்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர். பின்னாளில் இவ்வகை ரீலை உலகெங்கும் கொண்டுசென்ற ஸ்வீடனின் ஆபு நிறுவனமும் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகவே தொடங்கியது.

காவிரியின் பெருமீன் மகசீர். அதைத் தூண்டிலில் பிடிப்பதை ஒரு கலையாக எழுதிவைத்தவர் சென்னை மாகாண சிவில் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ். அவருடைய ‘தி ராட் இன் இந்தியா’ 1873இல் மங்களூரில் வெளியானது. கரண்டி வடிவத் தகட்டை இரையாகச் சுழலவிட்டு மகசீரை ஏமாற்றும் வித்தை அதில் விரிவாக உண்டு. தஞ்சை வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. இதே தாமஸ்தான் 1885இல் தஞ்சை மாவட்ட நிலவரித் தள்ளுபடி பற்றிய அறிக்கையையும் எழுதியவர். மீனானாலும் வயலானாலும் அளந்து எழுதிவைப்பது அந்த நிர்வாகத்தின் பழக்கம்.

அவர் வழிவந்த தூண்டில்காரர்களிடமும் அந்தப் பழக்கம் நீடித்தது. 1919இல் காவிரியில் ரிவெட்-கார்னாக் பிடித்த மகசீர் 119 பவுண்டு. 1946இல் மைசூரின் வான் இங்கன் கபினியில் பிடித்தது 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ. வேட்டைப் பெருமைக்காக எழுதப்பட்ட எண்கள் இவை. ஆனால் பெருமைக்காக எழுதியதும் பிற்பாடு சாட்சியாகும் என்பதை வரலாறு காட்டியது.

கர்நாடகத்தின் கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் பிடித்துவிட்ட மீன்களின் கணக்கு இருந்தது. 2015இல் அதை ஆராய்ந்த அறிவியலாளர்கள், காவிரிக்கே உரிய திமில் மகசீர் அருகிவருவதையும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகிவிட்டதையும் கண்டார்கள். உலகப்புகழ் பெற்ற அந்தத் திமில் மீனுக்கு அதுவரை உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. 2018இல்தான், தமிழகத்து மோயாற்றில் எஞ்சியிருந்த மீன்களின் துணையோடு, அது ‘டோர் ரெமாதேவியே’ என்று நிறுவப்பட்டது. காவிரியின் கிளையான பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட இனம் அது. மிக அருகிய இனங்களின் பட்டியலில் அது சேர்ந்ததும் அதே 2018இல்தான். நூற்றைம்பது ஆண்டுகள் எடை போட்டவர்கள் பெயர் தெரியாமலே எடை போட்டிருக்கிறார்கள்.

இனி டெல்டாவுக்குத் திரும்புவோம். விராலுக்கு இங்கே நாட்குறிப்பு இல்லை. அது காற்றைச் சுவாசிக்கும் மீன். மூச்சுக்காக மேலே வந்தே ஆக வேண்டும். தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுக்கூட்டத்தைக் காக்கும். செந்நிறக் குஞ்சுகள் நீர்ப்பரப்பில் திரளாக மிதக்கும்போது பெற்றோர் அருகிலேயே இருக்கும் என்பது தவளைத் தூண்டில்காரருக்கும் தெரியும், ரீல்காரருக்கும் தெரியும். அப்போது பெரிய மீனைப் பிடித்தால் அந்தக் குஞ்சுகளுக்குக் காவல் இல்லை. இப்படி எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்று எந்த வாய்க்காலுக்கும் கணக்கில்லை.

ரீல் பிடித்த கைகள் குறிப்பேட்டையும் பிடித்ததால்தான் மேல்காவிரியின் இழப்பு நமக்குத் தெரியவந்தது. ரப்பர் தவளை வீசும் நம் இளைஞர்கள் மீனோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதனடியில் தேதி, இடம், எடை மூன்றையும் எழுதிவைத்தால், குஞ்சோடு நிற்கும் விராலை விட்டுவிட்டால், டெல்டாவின் மீன் வரலாற்றுக்கு அதுவே முதல் பக்கமாகலாம்.