தொழுகையில் உடலின் பங்கும் உள்ளத்தின் பங்கும் – ஒரு வரலாற்றுப் பார்வை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



நம் மஹல்லாவில் பல்லாண்டு காலம் முதல் சஃப்பில் நின்று தொழுத பெரியவர் ஒருவர், சென்ற ஆண்டு சில மாதங்கள் பள்ளிவாசலுக்கு வரவில்லை. இல்லம் சென்று நலம் விசாரித்தேன். “ஹஜ்ரத், முழங்கால் மடங்க மறுக்கிறது. தொழுகை சிறந்த உடற்பயிற்சி என்று நோட்டீசில் படித்தேன். குனியவும் முடியாமல் ஸஜ்தாவும் செய்ய முடியாமல் நான் தொழுவதில் என்ன பலன்?” என்று கண்கலங்கினார். அவருக்கு நான் அன்று சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

தொழுகையால் உடலுக்கு நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நன்மைக்காகத் தொழுகை கடமையாக்கப்பட்டதா? வரலாற்றைப் புரட்டினால் விடை தானே கிடைக்கும்.

ஐம்பது ஐந்தான வரலாறு

ஏனைய கடமைகள் பூமியில் வஹீ மூலம் அறிவிக்கப்பட்டன. ஐவேளைத் தொழுகையோ மிஃராஜ் இரவில் விண்ணுலகில் வழங்கப்பட்டது. இது ஹிஜ்ரத்துக்கு முன், மக்காவில் முஸ்லிம்கள் பெருந்துன்பத்தில் இருந்த காலம். முதலில் ஐம்பது வேளையாக இருந்த கடமை, மூஸா (அலை) அவர்களின் ஆலோசனைப்படி நபி (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் வேண்டியதால் ஐந்தாகக் குறைந்தது. கூலி மட்டும் ஐம்பதுக்குரியதாகவே நிலைத்தது. ஆக, தொடக்கத்திலேயே மனித உடலின் பலவீனம் கருத்தில் கொள்ளப்பட்டுவிட்டது.

பின்னர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் கஅபாவின் அருகில் இரண்டு நாட்கள் நபியவர்களுக்கு இமாமாக நின்று தொழவைத்தார்கள். முதல் நாள் ஒவ்வொரு தொழுகையையும் ஆரம்ப நேரத்திலும், மறுநாள் பெரும்பாலும் கடைசி நேரத்திலும் தொழுது, இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே நேரம் என்று காட்டினார்கள். ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் பாங்கு ஏற்பட்டது. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் (கி.பி. 624) கிப்லா, பைத்துல் முகத்தஸிலிருந்து கஅபாவை நோக்கி மாற்றப்பட்டது.

உடலுக்குக் கிடைக்கும் நன்மை

ஒரு நாளின் பர்ளுத் தொழுகைகள் 17 ரக்அத்துகள். அவற்றில் 17 ருகூவுகளும் 34 ஸஜ்தாக்களும் உள்ளன. சுன்னத்தான தொழுகைகளையும் சேர்த்தால் இதைவிட அதிகம். கடையில் நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பவரின் மூட்டுகளும் தசைகளும் அசைய இது வழி செய்கிறது. ஒளுவில் கை, வாய், மூக்கு, முகம், கால் ஆகியவை கழுவப்படுகின்றன. நோய் பரவாமல் தடுக்கக் கை கழுவுதல் எத்துணை அவசியம் என்பதை 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்று உலகத்தார் அனைவருக்கும் உணர்த்தியது. வீட்டு வாசலில் ஓடும் ஆற்றில் நாள்தோறும் ஐந்து முறை குளிப்பவருக்கு ஐவேளைத் தொழுகையாளியை நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டதை நாம் அறிவோம். எனினும் அந்த உவமையில் அவர்கள் சுட்டிய அழுக்கு, பாவம் என்னும் அழுக்கே ஆகும்.

டமாஸ்கஸ் நகரில் வாழ்ந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 691–751), நபிவழி மருத்துவத்தைப் பற்றி எழுதியபோது தொழுகையையும் அதில் சேர்த்தார்கள். அது ஆரோக்கியத்தைக் காக்கும், சோம்பலைப் போக்கும், உள்ளத்துக்கு வலிமை தரும் என்பது அவர்களின் கருத்து. ஆகவே தொழுகையின் உடல்நலப் பயனைப் பேசுவது இக்காலத்தார் கண்டுபிடித்த புதுமையன்று. ஆனால் முன்னோர் கிளையைக் கிளையாகவும் வேரை வேராகவும் கண்டார்கள்.

இயலாதவரின் தொழுகை

நபித்தோழர் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூலநோய் இருந்தது. எப்படித் தொழுவது என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நின்று தொழ வேண்டும், இயலாவிட்டால் அமர்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழ வேண்டும் என்பதே கிடைத்த பதில். தொழுகை வெறும் உடற்பயிற்சியாக இருந்திருந்தால், படுக்கையில் கிடப்பவரை அதிலிருந்து விலக்கியிருப்பார்கள். அவ்வாறு விலக்கவில்லை. உடல் கழன்றுகொண்டாலும் தொழுகை மிஞ்சுகிறது என்றால், அதன் வேர் வேறெங்கோ இருக்கிறது என்பதே பொருள்.

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியும் நினைவுகூரத்தக்கது. தம் கூட்டத்தாருக்கு இஷாத் தொழவைத்தபோது அவர்கள் சூரத்துல் பகராவை ஓதத் தொடங்கினார்கள். நாளெல்லாம் ஒட்டகம் பூட்டி நீர் இறைத்துக் களைத்து வந்த ஒருவர், ஜமாஅத்தை விட்டு விலகித் தனியே தொழுதுகொண்டு போய்விட்டார். வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. அவர்கள் கண்டித்தது விலகிய உழைப்பாளியை அன்று. ஓதலை நீட்டிய இமாமையே. பின்னால் முதியவரும் பலவீனரும் அலுவல் உள்ளவரும் நிற்கிறார்கள் என்று எடுத்துரைத்து, சிறிய சூராக்களை ஓதும்படி கட்டளையிட்டார்கள்.

இதை எழுதும்போது எனக்கே வெட்கம் மேலிடுகிறது. நான் இமாமாகப் பொறுப்பேற்ற புதிதில் ஓர் இஷாவில், குரல் நன்றாக அமைந்த மகிழ்ச்சியில் நீட்டி ஓதினேன். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, மூட்டை தூக்கும் சகோதரர் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். அன்று முதல் தக்பீர் கட்டும் முன் சஃப்பை ஒரு முறை திரும்பிப் பார்க்காமல் நான் ஓதுவதில்லை.

உள்ளத்தின் பங்கு

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (கி.பி. 1058–1111) தம் ‘இஹ்யா’வில், தொழுகைக்கு உயிரூட்டும் ஆறு பண்புகளை வரிசைப்படுத்தினார்கள். அவை மன ஓர்மை, ஓதுவதன் பொருளுணர்தல், கண்ணியப்படுத்துதல், பேரச்சம், ஆதரவு வைத்தல், நாணம் என்பன. இந்த ஆறில் ஒன்றுகூட முழங்காலைச் சார்ந்ததன்று!

ஹிஜ்ரி 23இல் (கி.பி. 644) சுப்ஹுத் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் கத்தியால் குத்தப்பட்டார்கள். மயங்கிக் கிடந்தவர்கள் தொழுகை என்ற சொல்லைக் கேட்டதும் விழித்து, காயத்திலிருந்து குருதி வழிந்த நிலையிலேயே தொழுதார்கள். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நோயில் இருவர் தோள்களில் சாய்ந்து, பாதங்கள் தரையில் கோடிழுக்க ஜமாஅத்துக்கு வந்தார்கள். உலகைப் பிரிந்த திங்களன்று சுப்ஹு வேளையில் அறையின் திரையை விலக்கி, அபூபக்ர் (ரலி) அவர்களின் பின்னே மக்கள் அணிவகுத்து நிற்பதைக் கண்டு புன்னகைத்தார்கள். அந்தப் புன்னகை நம் சஃப்பைப் பார்த்தாலும் மலருமா என்று ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும்.

நேரம் காத்த அறிஞர்கள்

குறித்த நேரத்தில் தொழ வேண்டும் என்ற கவலை, அறிவுத்துறையையும் வளர்த்தது. கி.பி. 1025ஆம் ஆண்டளவில் அல்பீரூனி, கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாகக் கணிப்பதற்காக இடங்களின் தூரங்களை ஆராய்ந்து தனி நூலே இயற்றினார். டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளிவாசலில் ‘முவக்கித்’ என்னும் நேரக் கணிப்பாளராகப் பணிபுரிந்த இப்னுஷ் ஷாத்திர் (கி.பி. 1304–1375), அதன் மினாராவில் பெரியதொரு சூரியக் கடிகாரத்தை அமைத்தார். இன்று சுவரில் நேர அட்டவணையைப் பார்த்துத் தொழும் நாம், அதற்குப் பின்னே உள்ள இந்த உழைப்பை அறிவது நலம்.

நம் கடமை

அன்று அந்தப் பெரியவரிடம் இம்ரான் (ரலி) அவர்களின் செய்தியைச் சொன்னேன். நெடுநேரம் மௌனமாக இருந்தார். அடுத்த ஜும்ஆவுக்கு வந்தார். சஃப்பின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்து தொழுதார். அவரைப் போல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களைத் தேடிச் செல்வதும், ஹவுளின் ஓரத்தில் கைப்பிடி அமைப்பதும், வாசற்படியருகே சாய்தளம் கட்டுவதும், இருள் கலையாத சுப்ஹில் அவர்களைக் கைபிடித்து அழைத்து வர இளைஞர்கள் முன்வருவதும் நம் ஜமாஅத்தின் மீதுள்ள பொறுப்புகள்.

உடலில் வலிமை உள்ளபோது அதன் நன்றியாகத் தொழுவோம். வலிமை குன்றியபோது அதன் ஆறுதலாகத் தொழுவோம். வல்ல அல்லாஹ் நம் தொழுகைகளை ஏற்றுக்கொண்டு, இறுதி மூச்சு வரை அதில் நிலைத்திருக்கச் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.