சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு: ஒரு கூற்றுக்கு உரை

ஆங்கில மூலத்தின் பொருள் தமிழில் வருமாறு: அத்தகைய சட்டம் எதுவும், ஓரினத்தாரையேனும் மதத்தாரையேனும், பிற இனத்தாரும் மதத்தாரும் ஆளாகாத குறைகளுக்கோ தடைகளுக்கோ ஆளாக்கலாகாது.

இஃது இலங்கைக்கென 1946இல் வகுத்த யாப்பில், 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவிலுள்ள கூறு.

அத்தகைய: சுட்டு. முதல் உட்பிரிவிற் கூறிய அமைதி, ஒழுங்கு, நல்லாட்சி ஆகியவற்றின்பொருட்டு நாடாளுமன்றம் இயற்றுஞ் சட்டத்தைச் சுட்டிற்று. நல்லாட்சியின் பெயரால் வருவதும் இவ்வெல்லைக்கு உட்பட்டதே என்பது பெறப்படும்.

ஓரினத்தார்: சிறுபான்மையார் என்னாது பொதுப்படக் கூறினமையின் காவல் எல்லார்க்கும் ஒக்கும். எனினும் எண்ணாற் பெரியார் தம் வாக்காலேயே தம்மைக் காத்துக்கொள்வராதலின், பயன்கொள்வார் எண்ணாற் சிறியார் என்பது குறிப்பு.

பிறர் ஆளாகாத: ஒப்புநோக்குப் பொருட்டு. வரிபோல எல்லார்மேலும் விழுஞ் சுமை விலக்கப்பட்டதன்று.

ஆளாக்கல்: கூற்றின் உயிர் இச்சொல்லிலேயே உள்ளது. இனத்தைப் பெயர் சொல்லி ஒறுத்தல் என்னாது ஆளாக்கல் என்றமையின், சட்டத்தின் சொல்லன்றி விளைவே நோக்கற்பாலது என்பது இவ்வுரையின் துணிபு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எவ்வினத்தின் பெயரையுஞ் சொல்லிற்றில்லை. தீவிற் பிறந்தவனுக்கும், தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது, அவ்வளவே. தேயிலைத் தோட்டத்து லயத்திற் பிறந்தவன் பூட்டனின் பிறப்புக்குச் சான்று எங்ஙனம் தேடுவான்? மலையகத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1949இல் தேர்தற் சட்டந் திருந்த, வாக்கும் போயிற்று.

அற்றேல், கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) 1953இல் அப்பிரஜாவுரிமைச் சட்டத்தைச் செல்லும் என்றதன்றோ எனின், என்றது உண்மை. தன் குடிகள் இன்னார் என வரையறுத்தல் சட்டமன்றுக்கு இயல்பான தொழில் என்பது அக்கழகத்தின் கருத்து. அக்கருத்து சட்டத்தின் துறையை நோக்கிற்று; கூற்றிலுள்ள வினையோ ஆளானவரை நோக்குகின்றது. ஆதலின் இரண்டும் ஒருபொருள ஆகா.

ஆகாது: வெறும் அறிவுரையன்று, விலக்கு. மீறிய சட்டம் மீறிய அளவிற்குச் செல்லாதென மூன்றாம் உட்பிரிவு கூறும். 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தை இவ்விலக்கு தடுக்குமா என்பது சிங்களத் தேர்ச்சியின்மையாற் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரச ஊழியர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கில் எழுந்தது. மாவட்ட நீதிமன்றம் 1964இல் தடுக்கும் என்றது. மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்கு வழக்கிடலாகாதென மொழி வினாவைத் தீண்டாது விடுத்தது. 1969இல் கோமறைக் கழகம் வழக்கிடலாம் என்று கூறி, அவ்வினாவை உயர் நீதிமன்றுக்கே திருப்பிற்று. அங்கே அது விடைபெறுமுன், 1972 மே 22இல் நடப்புக்கு வந்த குடியரசு யாப்பு இக்கூற்றை விட்டொழித்தது.