படத்திற்கு வெளியே நின்ற வீடுகள்

கடலூர்க் கடற்கரையில் 2004 டிசம்பர் 28 அன்று எடுக்கப்பட்ட ஒரு நிழற்படத்தை உலகம் அறியும். மணலில் ஒரு பெண் முகம் கவிழ்ந்து கிடக்கிறார். அவருடைய உள்ளங்கைகள் வானம் நோக்கி விரிந்திருக்கின்றன. ஓரத்தில், ஆழிப்பேரலைக்குப் பலியான உறவினரின் கை மட்டும் தெரிகிறது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் அர்க்கோ தத்தா எடுத்த இப்படமே அவ்வாண்டின் சிறந்த உலகப் பத்திரிகை நிழற்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அவருடைய இன்னொரு படத்தையும் நம் சமுதாயம் மறந்திருக்க முடியாது. 2002 மார்ச் 1, அகமதாபாத். கலவரத்தீ சூழ்ந்த கட்டடத்தின் மாடியில், கண்கள் கலங்கக் கைகூப்பி உயிர் காக்க வேண்டி நின்றவர் குத்புத்தீன் அன்சாரி என்னும் தையற்காரர். அவர் உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தப் படம் அவரை விடவில்லை. நாளிதழிலும் சுவரொட்டியிலும் அவர் முகமே இருந்தது. மாலேகானுக்குப் பிழைக்கப் போனார். அங்கும் அடையாளம் கண்டுகொள்ளப்பட்டு வேலையை இழந்தார். 2003இல் கொல்கத்தா அவருக்கு இடமளித்தது. பின்னர் அகமதாபாத்துக்கே திரும்பினார். பெயரைக் கேட்டதும் வாடகை வீட்டின் கதவு சாத்தப்படும் அனுபவம் நம் குடும்பங்களில் பலருக்குப் புதிதன்று. அவருக்கோ பெயரைச் சொல்ல வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. நிழற்படக்காரர் மீது நாம் பழி கூறவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின் இருவரும் சந்தித்துக்கொண்டனர் என்பதே அவர்களிடையே கசப்பில்லை என்பதற்குச் சான்று.

அரபியில் குடியிருப்பைக் குறிக்கும் 'மஸ்கன்' என்ற சொல்லும், மன அமைதியைக் குறிக்கும் 'ஸகீனா'வும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. இழந்த கணத்தைக் கேமரா நொடியில் பிடித்துவிடுகிறது. அந்த அமைதி திரும்பி வருவதற்கோ ஆண்டுகள் ஆகின்றன. அதைப் படமெடுக்க எவரும் காத்திருப்பதில்லை.

கடலூர் மாவட்டத்தில் அன்று 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிதம்பரத்தை அடுத்து, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள பரங்கிப்பேட்டை, மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் வழங்கிய பழைய துறைமுகம். அலை அடித்த ஞாயிற்றுக்கிழமை சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து ஓடிவந்த மீனவக் குடும்பங்களை அவ்வூர் முஸ்லிம்கள் ஏற்றுக்கொண்டனர். திருமண விருந்துக்கு ஆக்கிய சோறு அவர்களுக்குப் பரிமாறப்பட்டது. ஐக்கிய ஜமாஅத்தார் தங்க இடம் தந்தனர், உடை திரட்டினர், இறந்தோரை அடக்கம் செய்யவும் உதவினர். யார் எந்த மதம் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. விருது பெற்ற எந்தப் படத்திலும் இது இல்லை.

அடுத்து வந்தவை தற்காலிகக் குடியிருப்புகள். தார்த்தாள் வேய்ந்த வரிசைக் கொட்டகைகள் பல, வெயிலில் கொதித்தன, மழையில் ஒழுகின. நிரந்தர வீட்டுக்கான விதியை 2005 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை வகுத்தது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமடைந்தவர்கள், அதற்கு அப்பால் குடிபெயர ஒப்பினால் ஏறத்தாழ 1.5 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு இலவசம். பழைய மனையை அரசிடம் விட்டுவிட வேண்டும். போக மறுப்பவர் அங்கேயே தம் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம், உதவி கிடையாது. புதிய வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும் என்பது அந்த ஆணையின் மிக நல்ல கூறு.

ஆயினும் மீனவருக்கு வீடென்பது நான்கு சுவர் மட்டுமா? படகு கண்ணெதிரே நிற்க வேண்டும். வலை உலர வாசல் வேண்டும். விடியலுக்கு முன் காற்றின் திசையைப் படுக்கையிலிருந்தே அறிய வேண்டும். கடலோரத்தில் தலைமுறைகளாய் ஆண்ட மனையை எழுதிக்கொடுத்துவிட்டு உள்ளே போவதா, இடிந்த சுவரோடு அங்கேயே இருப்பதா என்று, அந்த மார்ச் மாதத்திற்குப் பின் குப்பத்துக்குக் குப்பம் குடும்பங்கள் கூடிப் பேசின.