எண்கோட்டில் பின்னங்கள் இடம்பெற்ற வரலாறு

எண்கோடு என்பது ஒரு நேர்கோட்டில் 0 என்னும் புள்ளியைக் குறித்து, அதிலிருந்து சம இடைவெளிகளில் 1, 2, 3 என முழு எண்களையும், அவற்றுக்கு இடையே பின்னங்களையும் புள்ளிகளாகக் காட்டும் முறையாகும். ஆறாம் வகுப்பு மாணவர் அடிக்கோலை வைத்து அரை நிமிடத்தில் வரைந்துவிடும் இப்படம், கணித வரலாற்றில் மிகவும் பிந்தி வந்தது. எண் ஒரு பக்கமும் கோடு ஒரு பக்கமுமாக நெடுங்காலம் பிரிந்தே இருந்தன.

கி.மு. 300 அளவில் யூக்ளிட் தொகுத்த 'எலிமென்ட்ஸ்' நூலில், எண் என்பது அலகுகளின் தொகுப்பு. ஆகவே 1 கூட அங்கே எண் அன்று. எண்களை ஆக்கும் அலகு மட்டுமே. முக்கால் என்பதும் எண் அன்று. 3-க்கும் 4-க்கும் உள்ள விகிதம். இதில் வியப்பு என்னவென்றால், அதே நூலின் ஆறாம் பகுதியில் ஒரு கோட்டுத்துண்டிலிருந்து வேண்டிய பங்கை வெட்டியெடுக்கும் வரைமுறை இருக்கிறது. முக்கால் பங்கு முடியும் புள்ளியைக் கவராயத்தாலும் அடிக்கோலாலும் துல்லியமாகக் கண்டுபிடிக்க அவர்களுக்குத் தெரியும். அந்தப் புள்ளிக்கு ஓர் எண்ணைப் பெயராக வைக்கத்தான் அவர்கள் முன்வரவில்லை.

இந்தியக் கணிதத்தில் இந்தத் தயக்கம் இல்லை. பிரம்மகுப்தர் 628-இல் பூச்சியத்துக்கும் குறை எண்களுக்கும் விதிகள் எழுதினார். குறை எண்ணைக் கடன் என்றும், மிகை எண்ணைச் செல்வம் என்றும் கொண்டார். தமிழில் முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), வீசம் (1/16), அரைக்கால் (1/8) எனப் பின்னங்களுக்குத் தனிப்பெயரும் தனிக்குறியும் இருந்தன. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் இவற்றின் வாய்பாடுகளை மனப்பாடம் செய்தார்கள். நெல்லும் நிலமும் பொன்னும் அளக்கும் கணக்கில் பின்னம் முழு எண்ணைப் போலவே புழங்கியது. ஆனால் பெயராலும் குறியாலும் அறியப்பட்டதே தவிர, கோட்டில் ஓர் இடமாக அன்று.

ஐரோப்பாவில் மாற்றத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் சைமன் ஸ்டெவின். 1585-இல் வெளியிட்ட நூல்களில் அவர் 1-உம் எண்ணே என்று வாதிட்டார். எண் விட்டுவிட்டு நிற்பதன்று, தொடர்ச்சியானது என்றார். தசமப் பின்னங்களை ஐரோப்பாவில் பரப்பியவரும் அவரே. 1614-இல் ஜான் நேப்பியர் மடக்கைகளை விளக்கும்போது, கோட்டின்மேல் நகரும் புள்ளிகளைப் பயன்படுத்தினார்.

நாம் இன்று காணும் எண்கோட்டுக்கு மிக நெருங்கி வருவது, ஜான் வாலிஸ் 1685-இல் வெளியிட்ட இயற்கணித நூல். ஒரு மனிதன் 5 கஜம் முன்னே நடந்து 2 கஜம் பின்வாங்கினால், புறப்பட்ட இடத்திலிருந்து 3 கஜம் முன்னால் இருப்பான். 5 கஜம் நடந்து 8 கஜம் பின்வாங்கினால்? புறப்பட்ட இடத்துக்கு 3 கஜம் பின்னால். வாலிஸ் விளக்க விரும்பியது குறை எண்ணைத்தான். என் கருத்தில், இதில் பின்னத்துக்கும் வழி திறந்துவிட்டது. நடப்பவன் கஜக் குறிகளில் மட்டுமே நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே!

பின்னங்கள் அனைத்தையும் குறித்துவிட்டாலும் கோடு நிறைந்துவிடாது. வர்க்கமூலம் 2 போன்றவற்றின் இடங்கள் காலியாகவே இருக்கும். இந்த இடைவெளிகளை எண்களால் நிரப்பும் முறையை ரிச்சர்ட் டெடிகிண்ட் 1872-இல் வெளியிட்டார்.

பள்ளிக்கு எண்கோடு பரவலாக வந்தது 1950களின் இறுதியிலும் 60களிலும் எழுந்த 'புதிய கணிதம்' இயக்கத்தோடு. மேலோர் இரண்டாயிரம் ஆண்டு தயங்கிய இடத்தில்தான் மாணவரும் தயங்குகிறார் என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். 0 முதல் 4 வரையுள்ள கோட்டில் 3/4-ஐக் குறிக்கச் சொன்னால், பலர் 3-இல் புள்ளி வைப்பார்கள். அது கவனக்குறைவன்று. அவர்கள் முழுக் கோட்டையும் ஒரு தோசையாக எண்ணி, அதில் முக்கால் பங்கை எடுக்கிறார்கள். 0-க்கும் 1-க்கும் இடையிலுள்ள ஓரலகைத்தான் நான்காகப் பிரிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. இன்னும் சிலர் இடைவெளிகளை எண்ணாமல் கோட்டுக்குறிகளை எண்ணுவார்கள். 0-இல் உள்ள குறியையும் சேர்த்து எண்ணுவதால் ஓர் இடம் பிசகும்.

இதற்கு நல்ல துணைக்கருவி தச்சரின் அளவு நாடா. இஞ்சை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை 'நூல்' என்பார்கள். 'இரண்டு இஞ்ச் மூணு நூல்' என்றால் 2-ஐத் தாண்டி மூன்று இடைவெளி. அதாவது 2 3/8 இஞ்ச். தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு நூலாக எண்ணினால் 19 நூல், அதாவது 19/8. கலப்புப் பின்னமும் தகா பின்னமும் நாடாவில் ஒரே கோட்டில் வந்து நிற்கும்.